பழைய தரைமேல் புதுத் தரை போடும் முன்: மேடு பள்ளத்தை எப்படிச் சரிசெய்வது?

கேள்வியின் சுருக்கம் இது. பெங்களூரு அல்சூரில் 1980களில் கட்டிய வீடு, தரைத்தளம். ஹாலில் மொசைக், இரண்டு படுக்கையறையிலும் சிவப்பு ஆக்சைடு தரை. படுக்கையறைகளில் எஸ்பிசி (கல் தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த) கிளிக் பலகையும், ஹாலில் மொசைக்குக்கு மேலேயே 4×2 அடி விட்ரிஃபைடு டைலும் போட வேண்டும். தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பலகை போடுகிறவர், "அடியில் 3 மி.மீ. ஃபோம் விரித்துவிட்டால் அட்ஜஸ்ட் ஆகிவிடும்" என்கிறார். மேஸ்திரியோ, "எல்லா அறையிலும் ஒரு அங்குலம் கலவை போட்டு மட்டம் எடுத்தால்தான் ஆச்சு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இந்த வேலைக்கு இரண்டுமே வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டால், அடுத்து யார் வந்து என்ன சொன்னாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ள முடியும்.

முதலில் ஃபோம். சத்தத்தைக் குறைக்கவும், மணல் பருக்கை அளவு சொரசொரப்பை மறைக்கவும்தான் அது இருக்கிறது. பள்ளம் இருக்கும் இடத்தில் ஃபோமும் பள்ளத்தோடு சேர்ந்து கீழே படுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பலகை அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பலகை கீழே போய் மேலே வரும். எஸ்பிசி பலகையின் மொத்தக் கனமே 4 முதல் 6 மி.மீ.தான், அதன் விளிம்பில் ஒன்றோடொன்று கோர்க்கும் நாக்கு இன்னும் மெல்லியது. எஸ்பிசிக்குள் சுண்ணாம்புக்கல் தூள் அதிகம், அதனால் விறைப்பாக இருக்கும், வளைந்து கொடுக்காது. ஆகவே பள்ளத்தின் மேல் முதலில் டொக் டொக் என்று சத்தம் வரும், பிறகு பலகையின் குட்டைப் பக்க மூட்டு விரியும், கடைசியில் நாக்கு ஒடியும். ஃபோம் கனமாக ஆக இந்த ஆட்டம் கூடும். எஸ்பிசிக்கு 1 முதல் 1.5 மி.மீ. விரிப்பு போதும். பலகையின் அடியிலேயே ஃபோம் ஒட்டி வந்தால், அதற்கு மேல் இன்னொரு விரிப்பு போடவே கூடாது. கம்பெனியின் உத்தரவாதம் அங்கேயே போய்விடும்.

மேஸ்திரி சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. மொசைக்கோ கடப்பா கல்லோ பதிக்கும்போது 40, 50 மி.மீ. கலவை மெத்தையில் நூல் பிடித்துப் பதித்தார்கள். கீழே இருந்த கோணல் எல்லாம் கலவைக்குள்ளேயே அடங்கிவிடும், தனியாகச் சமன் செய்ய வேண்டியதில்லை. இப்போது வரும் கிளிக் பலகைக்கும், பசையில் ஒட்டும் டைலுக்கும் அந்த மெத்தை கிடையாது. ஆனால் அதற்காக அறை முழுக்க ஒரு அங்குலம் கலவை என்பது அதிகம். 12×10 அடி அறை 11 சதுர மீட்டர் சொச்சம், 25 மி.மீ. கனத்துக்குச் சுமார் 560 கிலோ பாரம் ஏறும். உங்களுடையது தரைத்தளம், பாரம் தாங்கும். இதையே மாடியில் செய்தால் சதுர மீட்டருக்கு 50 கிலோ நிரந்தரச் சுமை. இன்றைய வீட்டுத் தளம் ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கில்தான் வடிவமைக்கப்படுகிறது. பழைய பெங்களூரு வீடுகளில் இருக்கும் கல் பலகைக் கூரை, மெட்ராஸ் டெரஸ் கூரை மேல் இஞ்சினியரைக் கேட்காமல் இப்படி ஏற்றவே கூடாது. அதோடு வழவழப்பான ஆக்சைடு மேல் ஒரு அங்குலக் கலவை ஒட்டாது; காயும்போது ஓரங்கள் மேலே வளைந்து, அடியில் பொள்ளலாகிவிடும்.

அடுத்து ஒரு விஷயம், இதுதான் பணத்தை மிச்சம் பிடிக்கும். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது வேறு, இடையிடையே மேடு பள்ளம் இருப்பது வேறு. தண்ணீர் ஊற்றிக் கழுவ வசதியாகப் பழைய வீடுகளில் வாசல் பக்கமாக வாட்டம் விட்டிருப்பார்கள். 12 அடிக்கு 10 மி.மீ. வாட்டம் இருந்தாலும், அந்தச் சரிவு ஒரே சீராக இருந்தால் எஸ்பிசிக்கு எந்தக் குறையும் இல்லை. பீரோவின் காலுக்குக் கீழே ஒரு கட்டை கொடுத்தால் தீர்ந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்து "மட்டமே இல்லை" என்று பயமுறுத்துவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மட்டக்கட்டைக்கு (வளைவில்லாத நீளக் கட்டைக்கு) அடியில் எவ்வளவு இடைவெளி என்பதை. எஸ்பிசி, லேமினேட் இரண்டுக்கும் பெரும்பாலான கம்பெனிகள் கேட்பது 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்குள். 4×2 அடி டைலுக்குக் கணக்கு இன்னும் கறார்: 3 மீட்டருக்கு 3 மி.மீ. பசை தடவி ஒட்டும் மெல்லிய வினைல் ஷீட் என்றால் அளவு மட்டும் போதாது, மேற்பரப்பும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அடியில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் சில வாரத்தில் மேலே தெரியும்.

அளப்பதற்கு 2 மீட்டர் அலுமினியச் சதுரக் குழாய் ஒன்று வாங்குங்கள். கடையிலேயே இரண்டு குழாயை முகத்துக்கு முகம் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அது நேராக இல்லை, வேறு எடுங்கள். கூடவே 3 மி.மீ., 5 மி.மீ. டிரில் பிட் ஒவ்வொன்று. தரையைச் சுரண்டி, பெயின்ட் சொட்டு, சிமென்ட் கட்டி எல்லாம் எடுத்துவிட்டு, சுவரிலிருந்து தொடங்கி ஓர் அடிக்கு ஒருமுறை குழாயை வையுங்கள். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே, பிறகு மூலைக்கு மூலை. ஜன்னலை மூடிவிட்டுக் குழாயின் பின்னால் டார்ச் அடித்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும். 3 மி.மீ. பிட்டின் காம்பு அடியில் நுழையவில்லையா, அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நுழைந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு ஆழத்தை அதற்குள்ளேயே எழுதுங்கள். குழாய் நடுவில் முட்டி இரண்டு முனையும் ஆடினால் அது மேடு. அங்கே குறுக்குக் கோடு. மேட்டின் எல்லை சரியாகத் தெரியவில்லை என்றால் குழாயின் அடியில் சாக்பீஸ் பூசி முன்னும் பின்னும் தேயுங்கள், மேடான இடத்தில் மட்டும் ஒட்டும். ஒரு அறைக்கு அரை மணி நேரம் ஆகும். இந்தக் குறிகளைத் தாளில் வரைந்த படம் கையில் இல்லாமல் யாரிடமும் ரேட் பேசாதீர்கள்.

அளக்கும்போதே சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பொத்பொத்தென்று கேட்கும் மொசைக்கை அப்படியே விட்டு மேலே எதைப் போட்டாலும் அது அடியோடு பெயரும். அந்தக் கற்களைப் பெயர்த்து, பழைய சுண்ணாம்பு, மண் எல்லாம் வழித்தெடுத்துவிட்டு, 1:4 கலவையால் (ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல்) நிரப்ப வேண்டும். மணல் பி-சேண்ட் வேண்டாம், அது பூச்சு வேலைக்கு. தூள் அதிகம் என்பதால் தரையில் வெடிக்கும். எம்-சேண்ட் கேளுங்கள்.

ஈரம் அடுத்த கேள்வி. அந்தக் காலத்துத் தரைத்தளங்களில் பெரும்பாலும் தரைக்கு அடியில் பாலித்தீன் தாளே விரித்திருக்க மாட்டார்கள். 2×2 அடி கனமான பாலித்தீனை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். அறைக்கு இரண்டு இடம்: ஒன்று வெளிச்சுவர் ஓரம், ஒன்று நடுவில். எடுக்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தாலோ, தரை நிறம் கறுத்திருந்தாலோ அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. செப்டம்பர், அக்டோபரில்தான் பெங்களூருவில் மழை அதிகம். பிப்ரவரியில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம், மழைக்குப் பிறகும் ஒருமுறை பாருங்கள். ஈரம் உள்ள தரையில் எபாக்சி தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடிக்க வேண்டும். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் உலர்ந்த குவார்ட்ஸ் மணலைத் தாராளமாகத் தூவி, மறுநாள் ஒட்டாத மணலை வாக்குவம் வைத்து உறிஞ்சிவிட வேண்டும். மணல் இல்லாவிட்டால் எபாக்சி மேல் எந்தச் சிமென்ட் பொருளும் பிடிக்காது. சுவரில் கசியும் குழாயோ, பாத்ரூம் கசிவோ காரணம் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். பூச்சு அதற்கு மருந்தல்ல.

இப்போது உங்கள் படத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அறையில் கதவருகே 6 மி.மீ. மேடு, ஜன்னல் பக்கம் 3 அடிக்கு 3 அடி அளவில் இரண்டு பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டைத் தொடாமல் அறை முழுக்க செல்ஃப் லெவலிங் (ஓடிப் பரவி மட்டமாகும் சிமென்ட் கலவை) ஊற்றினால், அந்த மேடு மூழ்கும் அளவுக்கு எல்லா இடத்திலும் 6 மி.மீ. ஏற வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. கனத்துக்குச் சுமார் 1.7 கிலோ பவுடர் பிடிக்கும். 11 சதுர மீட்டர், 6 மி.மீ. என்றால் 110 கிலோவுக்கு மேல்: 25 கிலோ மூட்டை ஐந்து. அதே மேட்டைத் தேய்த்துவிட்டால் மீதி இரண்டு பள்ளம்தான். ஒரு பள்ளத்துக்குச் சராசரி ஆழம் 3 மி.மீ. என்றாலும் நாலரை கிலோ பேட்சிங் கலவை போதும். அதாவது ஐந்து மூட்டை செய்யும் வேலையை அரை மூட்டையும் ஒரு மணி நேரத் தேய்ப்பும் செய்துவிடும். அறை முழுக்க ஊற்றுவது, குழிகள் ஏழெட்டுக்கு மேல் சிதறிக் கிடந்தால் மட்டும்.

மேட்டைத் தேய்க்க 4 அல்லது 5 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் டயமண்ட் கப் வீல் மாட்ட வேண்டும். எஸ்.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் கேட்டாலே தருவார்கள். தூசு உறிஞ்சும் மூடியும் வாக்குவமும் சேர்த்து வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். சிமென்டைத் தேய்க்கும்போது பறப்பது சிலிக்கா தூசு, நுரையீரலில் தங்கிவிடும். என்95 முகக்கவசம் இல்லாமல் வேலையாளைத் தேய்க்க விடாதீர்கள். கர்ச்சீப் கட்டிக்கொள்வது கவசமல்ல. ஒரே இடத்தில் அழுத்தி நிற்காமல் வட்டமாக ஓட்ட வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டக்கட்டை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆக்சைடு தரை பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வருடக்கணக்காகத் தேங்காய் எண்ணெயும் மெழுகும் போட்டுத் தேய்த்த தரை அது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால், அதன்மேல் ஊற்றும் எந்தச் சிமென்ட் கலவையும் அப்பளம் மாதிரி உரிந்து வரும். ஆகவே கலவை போடும் இடம் முழுவதும் பளபளப்பு போய் மங்கும்வரை தேய்த்தே ஆக வேண்டும். ஆனால் ஓர் அறையின் ஆக்சைடு வெடிப்பில்லாமல், 3 மி.மீ.க்குள் இருந்தால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். நேராகப் பாலித்தீன், மெல்லிய விரிப்பு, எஸ்பிசி. எஸ்பிசி தரையோடு ஒட்டாமல் மிதப்பது. பத்து வருடம் கழித்துக் கழற்றினாலும் அடியில் அந்தத் தரை அப்படியே இருக்கும். அந்தத் தரையைப் போடத் தெரிந்த கைகள் இப்போது குறைவு, தேய்த்து அழித்தால் திரும்ப வராது.

பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரம் பூஜ்யமாக முடிந்து நடுவில் 10 மி.மீ. வரை போகும் பள்ளத்துக்கு, கரண்டியால் இழுக்கும் சிமென்ட் பேட்சிங் கலவை. பரந்த இடத்துக்கு 3 முதல் 10 மி.மீ. வரை செல்ஃப் லெவலிங். 10க்கு மேல் 25 வரை பாலிமர் சேர்த்த ரிப்பேர் மார்ட்டர். அதற்கும் மேல் ஆழமாக இருந்தால் மட்டும் 1:4 கலவை, அதுவும் எஸ்பிஆர் லேடக்ஸ் (ஒட்டுப்பிடிப்புக்கான ரப்பர் பால்) கலந்த சிமென்ட் பாலைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே போட வேண்டும். அந்தக் கலவை ஏழு நாள் தண்ணீரில் ஊற வேண்டும், பிறகு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில் காய வேண்டும். 40 மி.மீ. போட்டுவிட்டு அடுத்த வாரமே பலகை விரித்தால் ஈரம் அடியில் சிக்கிக்கொண்டு பூஞ்சை நாற்றம் அடிக்கும்.

சைட்டில் சர்வசாதாரணமாக நடக்கும் மூன்று தவறுகளை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒன்று, வால் புட்டியால் பள்ளம் அடைப்பது. அது சுவருக்கு, கட்டில் கால் பாரத்தில் மாவாகிவிடும். இரண்டு, பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்). ஈரம் பட்டால் இளகும், தரையில் அதற்கு இடமே இல்லை. மூன்று, வெறும் சிமென்ட் பாலை ஊற்றிவிடுவது. மணல் இல்லாத சிமென்ட் காயும்போது சுருங்கும். வலைவலையாக வெடித்து ஓடு ஓடாகப் பெயரும்.

இனி ஊற்றும் வேலை. சிகா, மாபெய், ஆர்டெக்ஸ் எண்டுரா, ராஃப் என்று பல கம்பெனிப் பொருள் பெங்களூருவில் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் அதே கம்பெனியின் பிரைமரையும் (கலவைக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) வாங்குங்கள், மூட்டையின் தேதியைப் பாருங்கள். கட்டி தட்டிய மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். பிரைமரை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். பிரைமர் இல்லாத தரை கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை ஓடாமல் நின்றுவிடும். தரைக்குள் இருக்கும் காற்று மேலே வந்து ஊசித் துளைகளை விட்டுச் செல்லும். உறிஞ்சும் தரைக்கு அக்ரிலிக் பிரைமரைத் தண்ணீர் கலந்து அடிக்கலாம், விகிதம் டப்பாவிலேயே இருக்கும். மொசைக் போல உறிஞ்சாத தரைக்கு மணல் கலந்த சொரசொரப்பான பிரைமர் வேண்டும். குளம் கட்டாமல் தேய்த்து, காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஊற்றுவதற்கு முன் சுவர் ஓரம் முழுக்க 5 மி.மீ. ஃபோம் பட்டை ஒட்டுங்கள், வாசலில் மரப்பட்டை வைத்து சிலிக்கோனால் அடையுங்கள். சுவர் ஓர வெடிப்பு, ஒயர் குழாய் ஓட்டை எல்லாவற்றையும் முந்தின நாளே அடைத்துவிடுங்கள். இந்தக் கலவை தண்ணீர் போல ஓடும். விரல் நுழையும் ஓட்டை ஒன்று இருந்தால் அரை வாளி காணாமல் போகும். மின்விசிறி ஓடக்கூடாது, ஜன்னல் மூடியிருக்க வேண்டும், வெயில் விழும் இடத்தில் திரை போட வேண்டும். காற்றுப்பட்டால் மேலே ஆடை கட்டி வெடிக்கும். ஏப்ரல் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

தண்ணீர் அளவுதான் இதில் உயிர். 25 கிலோ மூட்டைக்குப் பெரும்பாலும் 5 முதல் 6 லிட்டர் வரும்; மூட்டையில் அச்சடித்த அளவை கோடு போட்ட ஜக்கால் அளந்து ஊற்றுங்கள். "இன்னும் கொஞ்சம் லூஸா இருந்தா நல்லா ஓடும்" என்று ஒரு மக் தண்ணீர் சேர்ப்பார்கள், விடாதீர்கள். அதிகத் தண்ணீர் மேலே மிதந்து, காய்ந்ததும் வெள்ளைத் தூளாகும். அந்தத் தூள் மேல் எதுவும் ஒட்டாது. காவிரித் தண்ணீர் நல்லது. உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரைத் தவிருங்கள். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். துடுப்பு மாட்டிய 1,000 வாட்டுக்கு மேற்பட்ட மிக்ஸரால் இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி கலக்க வேண்டும். சாதாரண 10 மி.மீ. டிரில் இதைத் தாங்காது, புகைந்துவிடும்.

ஆள் மூன்று பேர் வேண்டும்: கலக்க ஒருவர், தூக்கி ஊற்ற ஒருவர், பரப்ப ஒருவர். கதவுக்கு எதிர்ச் சுவரிலிருந்து தொடங்கிப் பட்டை பட்டையாக ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். முந்தின வாளியின் ஓரம் இறுகுவதற்குள் அடுத்த வாளி சேர வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் அந்த இடத்தில் வரப்பு நிற்கும். பேரில் செல்ஃப் லெவலிங் என்று இருந்தாலும் 3 மி.மீ. கனத்தில் அது தானாக அறை முழுக்கப் பரவாது. பல் வைத்த கரண்டியால் இழுத்து, முள் ரோலர் ஒருமுறை ஓட்டிக் குமிழியை உடைக்க வேண்டும். இறுகத் தொடங்கிய பிறகு கரண்டி வைக்கவே கூடாது. குறை தெரிந்தால் விட்டுவிடுங்கள், மறுநாள் தேய்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: இதற்குத் தண்ணீர் தெளித்துக் கியூரிங் செய்யக்கூடாது. சிமென்ட் என்றாலே மறுநாள் காலையில் குழாயைத் திறந்துவிடுகிற பழக்கம் வேலையாட்களுக்கு உண்டு, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் நடக்கலாம், டைல் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குப் பிறகு, பலகை விரிக்க இரண்டு மூன்று நாள். சாவியால் அழுத்திக் கீறிப் பாருங்கள்; கோடு மட்டும் விழுந்தால் நல்ல தரை, தூள் தூளாக வந்தால் அந்த அடுக்கைத் தேய்த்தெடுக்க வேண்டும்.

ஹாலில் 4×2 டைல் போடும்போது ஒரு ஏமாற்று நடக்கும். பள்ளத்தைச் சரிசெய்யாமல் டைல் லெவலிங் கிளிப் மாட்டி ஓரங்களைச் சமமாகத் தூக்கிவிடுவார்கள். மேலே பார்க்க அழகாக இருக்கும். அடியில் பசை தொடாத வெற்றிடம் இருக்கும். அங்கே ஒரு குக்கர் விழுந்தால் டைல் விரிசல் விடும். பசையையே கனமாகப் போட்டுப் பள்ளம் நிரப்பினாலும் காயும்போது சுருங்கி டைலைக் கீழே இழுக்கும். ஆகவே மொசைக்கைத் தேய்த்து மெழுகை எடுத்து, பள்ளங்களை முந்தின நாளே பேட்சிங்கால் நிரப்பி, பிறகு 10 மி.மீ. பல் கரண்டியால் பசை இழுத்து, டைலின் முதுகிலும் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு டைலைப் பதித்த உடனே ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை ஒட்டியிருக்க வேண்டும்.

கடைசியாக உயரக் கணக்கு, இதை எதையும் வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். ஹாலில் டைல் 9, பசை 5: மொத்தம் 14 மி.மீ. ஏறும். அறையில் எஸ்பிசி 5, விரிப்பு ஒன்றரை, சமன் செய்தது 3 என்றால் ஒன்பதரை. இரண்டுக்கும் நடுவே வரும் நாலரை மி.மீ. வித்தியாசத்தை அலுமினிய ரெட்யூசர் பட்டை மூடிவிடும். ஹாலுக்குள் திறக்கும் தலைவாசல் கதவின் அடியில் 14 மி.மீ.க்கு மேல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தச்சரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றி அடியைச் சீவிய பிறகுதான் டைல்காரர் உள்ளே வர வேண்டும். டைல் போட்ட பிறகு என்றால் கதவு திறக்கவே திறக்காது. எஸ்பிசி போடும் அறைகளில் சுவரைச் சுற்றி 8 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஸ்கர்டிங்கால் மூடுங்கள். பீரோ வைக்கும் பக்கத்திலும் அந்த இடைவெளி இருக்க வேண்டும்.